மொட்டை மாடியில் ஓர் ஒற்றை ஆள் கூடாரம்

ஐம்பத்து மூன்று வயதுவரை நான் ஓர் இரவுகூடத் தனியாகத் தூங்கியதில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் "கொடுத்து வைத்தவள்" என்கிறார்கள். பிறந்த வீட்டில் அக்கா, தங்கை, லீவுக்கு வந்த அத்தை பெண்கள் எல்லோரும் ஒரே ஜமக்காளத்தில் வரிசையாகப் படுப்போம். கல்யாணத்துக்குப் பிறகு கணவர். பிரசவ ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி, தொட்டிலில் என் பிள்ளை. கணவர் வெளியூர் போனால் "பாவம், தனியா இருப்பா" என்று நாத்தனாரைத் துணைக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் ஆறு மணி வரை குறட்டை விட்டுத் துணை இருப்பாள். குளியலறை ஒன்றுதான் மிச்சம். அங்கேயும் கதவைத் தட்டி, "சிலிண்டர் வந்திருக்கு, சில்லறை எங்கே?" என்று கேட்பார்கள்.

அதனால்தான் போனில் வந்த அந்த விளம்பரம் என்னை அப்படிப் பிடித்து ஆட்டியது. ஓர் ஏரிக்கரை. இரண்டு மரங்களுக்கு நடுவே துணிக்கூடு ஒன்று தொங்குகிறது. உள்ளே ஒருவன் ஒய்யாரமாகப் படுத்திருக்கிறான். சுற்றுவட்டாரத்தில் ஈ காக்கை இல்லை. சாம்பாரா வத்தக்குழம்பா என்று அவனை யாரும் கேட்கவில்லை. மரம் இருந்தால் தொங்கவிடலாமாம், இல்லாவிட்டால் தரையில் நிறுத்தலாமாம். சுருட்டினால் ஒரு சுரைக்காய் அளவுதான். கீழே "ஒருவர் மட்டும்" என்று போட்டிருந்தது. கோயில் கூட்டத்திலும் ரங்கநாதன் தெருக் கூட்டத்திலும் வாழ்நாளைக் கழித்தவளுக்கு அந்த "மட்டும்" எவ்வளவு இனித்தது என்று சொல்லி மாளாது.

பாண்டி பஜார் பக்கத்தில் இந்த மாதிரிச் சாமான்கள் விற்கும் கடை ஒன்று உண்டு. விற்பனைப் பையன் என் கைத்தறிப் புடவையையும் தோள் பையையும் பார்த்துவிட்டு, "பேரனுக்கா மேடம்?" என்றான். எனக்கு என்றேன். உடனே நாலு பேர் படுக்கும் கூடாரத்தை விரித்துக் காட்டினான், ஆஃபர் வேறு இருந்ததாம். ஒருவருக்கானதுதான் வேண்டும் என்றேன். "சார் வரலையா?" வரவில்லை. "பொண்ணு, பையன்?" வரவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏதாவது பிரச்சினையா மேடம்?" என்று கேட்டான். நல்ல பிள்ளை. நான் ஹிமாலயத்துக்குச் சந்நியாசம் வாங்கிக்கொண்டு கிளம்புகிறேன் என்று நினைத்திருப்பான்.

வீட்டில் கணவருடைய விசாரணை இன்னும் சுருக்கமாக முடிந்தது.

"அதுக்குள்ள போய் என்ன பண்ணப்போறே?"

"ஒண்ணும் பண்ணப்போறதில்லை."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு எதுக்குக் கூடாரம்? இங்கேயே இருக்கலாமே."

அவர் ரிடையர் ஆனதிலிருந்து இங்கேயே அப்படித்தான் இருக்கிறார். அவர் ஒன்றும் பண்ணாமல் இருப்பதற்கு நாளொன்றுக்கு நாலு வேளை காப்பி, இரண்டு வேளை சமையல், ஒரு வேளை டிபன் ஆகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஹாலில் பிள்ளை லேப்டாப்பை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களுடன் பேசிக்கொண்டிருப்பான். மிக்ஸி போட்டால் முறைப்பான். இரண்டு படுக்கையறை வீட்டில் எனக்கென்று இருந்த இடம் அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே உள்ள நாலு சதுர அடி. அதையும் எனக்குச் சொந்தம் என்று எழுதிக்கொடுக்க எல்லோரும் தயாராகத்தான் இருந்தார்கள்.

முதலில் மரம் தேடினேன். மயிலாப்பூரில் சரியான இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு மரங்களைக் காட்டுகிறவருக்கு என் வளையலைக் கழற்றிக் கொடுத்துவிடுவேன். எங்கள் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அதன் அடியில் ஒரு பிள்ளையார், இடுப்பில் டியூஷன் விளம்பரம், கழுத்தில் கேபிள் சுருள், நிழலில் மூன்று கார்கள். இனி நான் ஒருத்திதான் அதில் தொங்கப் பாக்கி. அடையாறில் நிறைய மரங்கள் இருக்கின்றன. மரத்துக்கு ஒருவராகக் காவல்காரரும் இருக்கிறார்கள். பையிலிருந்து கயிற்றை எடுத்தேனோ இல்லையோ, விசில் ஊதிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். நான் தூக்கு மாட்டிக்கொள்ளப்போகிறேன் என்று பதறிவிட்டார். பாவம், அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆக, மொட்டை மாடி. எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி, ஆறு வீடு. மேலே தண்ணீர்த் தொட்டி, கொடிக் கம்பிகள், எப்போதோ யாரோ வைத்து மறந்த செடித் தொட்டிகள். சிமென்ட் தரையில் கூடாரத்தின் ஆணி இறங்காது என்பதால் நாலு பக்கக் கயிறுகளையும் செங்கலிலும் செடித் தொட்டியிலும் கொடிக் கம்பத்திலும் இழுத்துக் கட்டினேன். நன்றாகவே நின்றது. பச்சை நிறம், பக்கவாட்டில் கொசுவலை, முன்னால் ஜிப். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையலை முடித்து மேஜைமேல் வைத்துவிட்டு மேலே போனேன்.

அந்த முதல் முயற்சியை நான் தனிமைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கொசுவலை வழியாக என்னைப் பார்த்தார்கள். வண்டலூரில் கூண்டுக்குள் இருக்கிறவற்றை நான் அதுவரை அவற்றின் பக்கத்திலிருந்து யோசித்ததில்லை. "உள்ள வேர்க்கலையா?" என்று ஒருவர். "பால்கோவா இருக்கு, சாப்பிடறேளா?" என்று ஒருவர். கணவர் மூன்று தடவை மேலே வந்தார். துணிக்கூடாரத்தில் கதவைத் தட்ட முடியாதாகையால், வெளியே நின்று வாயாலேயே "டக் டக்" என்று சொன்னார். ஒரு தடவை உறைமோர் எங்கே என்று கேட்க. ஒரு தடவை, கிடைத்துவிட்டது என்று சொல்ல. மூன்றாவது தடவை சும்மா. விடிவதற்குள் நான் கீழே இறங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் முன்யோசனையோடு போனேன். கீழே இறங்கவே கூடாது என்று என் தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில், பாய், போர்வை, தயிர்சாதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். அன்று இரவு பரவாயில்லாமல் கழிந்தது. சனிக்கிழமை காலை எதிர் வீட்டு மாமி மாடிக்கு வந்தார். எண்பதை நெருங்குகிறவர், பார்வை கொஞ்சம் மட்டு, ஆசாரம் ரொம்ப ஜாஸ்தி. நான் தலைவிரி கோலமாக உட்கார்ந்து பக்கத்தில் தட்டையும் டம்ளரையும் வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தேன். மாமி நேராகக் கயிற்றில் தடுக்கி விழப்போகிறார் என்று பயந்து, "மாமி, கிட்ட வராதீங்கோ!" என்று கத்தினேன். மாமி அப்படியே நின்றார். தட்டைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சட்டென்று திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் நம்ப முடியவில்லை. யாரும் வரவில்லை. போன் அடிக்கவில்லை. துணி உலர்த்த வந்தவர்கள் அந்தக் கோடிக் கொடியோடு நின்றுகொண்டார்கள். பத்து மணிக்குக் கணவர் படியேறும் சத்தம் கேட்டது. "டக் டக்" வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால் மாடிப்படியின் கடைசிப் படியில் ஆவி பறக்க ஒரு டம்ளர் காப்பி! முப்பது வருஷத்தில் அவர் எனக்குப் போட்ட முதல் காப்பி அது. சர்க்கரைக்குப் பதில் ஏதோ விழுந்திருந்தது, இருந்தாலும் காப்பிதான். மத்தியானம் அதே படியில் ஹோட்டல் சாப்பாடு வந்தது.

நான் தூங்கினேன். எழுந்து மறுபடி தூங்கினேன். எதிரே தெரிந்த கோயில் கோபுரத்தின் மேல் புறாக்கள் சண்டை போடுவதைப் பார்த்தேன். இந்தக் கூடாரத்தைக் கண்டுபிடித்தவன் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்த்தினேன். சாயங்காலம் வெயில் தணிந்தபோது எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். வீட்டார் ஒருவழியாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வேலை செய்கிறவள் துணி உலர்த்த வந்தாள். முன்பு ஆற்றோரம் இருந்து, இப்போது ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்ட குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கை கொடுத்து நின்றாள்.

"இன்னாம்மா, மெய்யாலுமா? மூணு நாளு உன்னிய யாரும் தொடக் கூடாதாமே? எதிர் வூட்டு மாமி எல்லா வூட்லயும் சொல்லிக்கினு கீது."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாதவிலக்கு நாட்களில் பெண்ணைத் தனியாக ஒதுக்கி, தனித் தட்டு, தனிப் பாய் கொடுத்து, சமையலறைப் பக்கமே விடாமல் வைக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இருந்தது. தூரம் என்பார்கள். இருந்தது என்று நான் சொல்கிறேன். எதிர் வீட்டு மாமிக்கு அது இன்னும் இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் ஒருத்தி தனியாகப் படுக்கிறாள் என்றால், மாமிக்குத் தெரிந்து அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"எனக்கு அதெல்லாம் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றேன்.

"அத்தான பாத்தேன்" என்றாள். "நல்லா கீதும்மா உங்க கத. நான் மூணு நாளு இப்டி குந்திக்கினா உங்க வூட்டு பாத்திரத்த யாரு தேய்க்கறது?" சிரித்துக்கொண்டே துணியை உதறினாள்.

நானும் சிரித்தேன். கட்டடம் முழுக்க என்னை இளமையாக நினைக்கிறது, கசக்குமா? பிறகு திடீரென்று சிரிப்பு நின்றது. மாமி சொன்னார், சரி. இவர் எப்படி நம்பினார்? கீழே போன் போட்டுக் கேட்டேன்.

"நான் என்னத்தைக் கண்டேன்? பெரியவா சொன்னா, சரின்னு விட்டுட்டேன்" என்றார்.

எந்த ஆட்டத்தில் யார் எத்தனை ரன் என்பது மனிதருக்கு மனப்பாடம். இரண்டு வருஷம் முன்னால் நான் ராத்திரியில் வேர்த்துக் கொட்டி எழுந்து ஃபேனைக் கூட்டினால், குளிர்கிறது என்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டவர் அவர். ஒரே கட்டிலில், ஒரு கை தூரத்தில். எனக்கு வலித்தது. முந்தின நாள் அவர் வைத்த காப்பியும் சாப்பாடும் எனக்காக வைத்தது அல்ல, தீட்டுக்காக வைத்தது என்பது அதைவிட வலித்தது.

இருந்தாலும் உண்மையை உடனே போய் உடைத்துவிடவில்லை. மாமி கொடுத்த லீவில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. அதை ஏன் விடவேண்டும்?

அதற்குள் மாமியே வந்துவிட்டார். பின்னால் அவருடைய மாட்டுப்பெண், கையில் துணி வாளியோடு. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தபடியே. காலை ஐந்தரைக்குக் குக்கர் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும்; ராத்திரி பதினொன்றுக்கு மீட்டிங்கில் அவள் பேசுவதும் கேட்கும். நடுவில் என்ன செய்கிறாள் என்று யாருக்கும் கவலை இல்லை.

மாமி கவனமாகத் தள்ளி நின்றுகொண்டார்.

"இந்தக் காலத்துல யாருடிம்மா இதெல்லாம் பாக்கறா? ஆத்துல இடமில்லேன்னா எல்லாரும் விட்டுட்டா. நீ ஒரு குடிசையையே வாங்கிப் போட்டுட்டியே! பேஷ்!"

நான் தலையைச் சொறிந்தேன்.

"ஒரு ஒத்தாசை பண்ணேன். இவளுக்கும் இதைக் குடு. உன் தேதி வேற, இவ தேதி வேற. ரெண்டு பேருக்கும் இது ஒண்ணே போறும். லேப்டாப்பையும் எடுத்துண்டு வந்துடட்டும், வைஃபை இங்க வரைக்கும் எட்டறதாம், கேட்டுட்டேன்."

ஆசாரமும் வைஃபையும் இவ்வளவு அழகாகக் கை கோத்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் கூடாரம்! ஏரிக்கரையில் ஒருவன் ஒய்யாரமாகப் படுத்திருந்த கூடாரம். அதை எனக்குத் தெரியாமலே தீட்டுக் குடிசை ஆக்கி, கால அட்டவணையும் போட்டாயிற்று. மாதா மாதம் ஒரு பெண்ணை வெயிலில் உட்கார வைக்க நான் பாண்டி பஜார் வரை போய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"மாமி, எனக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு" என்று கோடி வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "நான் தூரமெல்லாம் இல்லை. சும்மா படுத்துண்டிருக்கேன்."

மாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியதே, அதைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாளாகக் கட்டடத்துக்கே உத்தமியாக இருந்தவள் ஒரே வாக்கியத்தில் ஒன்றுமில்லாமல் போனேன்.

"சும்மாவா?" என்றார். "உடம்புக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்லை."

"ஆத்துக்காரரோட சண்டையா?"

"இல்லை மாமி."

"அப்போ ரெண்டு ஆம்பளையை ஹோட்டல் சாதம் திங்கவிட்டுட்டு, கல்லாட்டம் இருக்கறவ, சும்மா படுத்துண்டிருக்கியா?"

ஆமாம் என்றேன். மாமி இனி பேச ஒன்றுமில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு படியிறங்கினார். தீட்டாக இருந்தபோது எட்ட நின்றாலும் புகழ்ந்தார். சுத்தமானவள் என்று தெரிந்ததும் என் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாட்டுப்பெண் போகவில்லை. துணியை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி முடித்துவிட்டு என் பக்கம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"ஏன் ஆன்ட்டி சொன்னேள்?" என்றாள்.

"என்னது?"

"ரெண்டு நாளா நான் நாளை எண்ணிண்டிருந்தேன். மாமியார் இதைப் பத்தியே பேசிண்டிருந்தாளா, நானும் வேணாம்னு சொல்ற மாதிரி சொல்லி வெச்சேன். வேணும்னு சொன்னா குடுக்க மாட்டாளே. மாசத்துல மூணு நாள். குக்கர் வெக்க வேண்டாம். யாரும் கூப்பிட மாட்டா. நீங்க ஒரு வார்த்தைல முடிச்சுட்டேள்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரிச் சொன்னாள். உலகத்தைத் திருத்தக் கிளம்பினவளுக்கு இப்படி ஓர் அடி தேவைதான்.

எழுந்து வெளியே வந்தேன். "உள்ள போ. இப்பவே போய்ப் படு" என்றேன்.

"இப்பவா? எதுக்கு?"

"எதுக்கும் இல்லை. ஞாயித்துக்கிழமைதானே. நான் வாசல்ல உக்காந்துக்கறேன். யார் வந்தாலும் நான் பேசிக்கறேன்."

தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்தாள். ஜிப்பை நானே இழுத்து மூடினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, மாமி வந்தால் என்னவெல்லாம் சொல்லவேண்டும் என்று மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். மாமி வரவில்லை. யாருமே வரவில்லை. உள்ளே அவள் புரண்டு படுப்பது கேட்டது. மறுபடி புரண்டாள். எழுந்து உட்கார்ந்தாள். ஜிப் திறந்தது.

"என்ன, வேர்க்கறதா?"

"இல்லை ஆன்ட்டி, நன்னாத்தான் இருக்கு." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தூரம்னா இருந்திருப்பேன். சும்மா இருக்க முடியலை. திருடிண்டு படுத்துண்டிருக்கற மாதிரி இருக்கு."

வெறும் வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

நான் கூடாரத்துக்குள் போய்ப் படுத்தேன். இவ்வளவு நல்ல கூடாரத்தில் சும்மா இருக்கத் தெரியவில்லையே இந்தக் காலத்துப் பெண்களுக்கு என்று அவள் மேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. கீழேயிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை. போன் அடிக்கவில்லை. மாமி சொல்லியிருப்பார், இனி ஹோட்டல் சாப்பாடு வராது. மாவு புளித்திருக்குமோ என்று நினைத்தேன். பிள்ளைக்குப் பசித்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்து என்ன நினைத்தேன் என்று நினைவில்லை. பார்த்தால் வெளியே நின்று ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தேன், இன்னொன்றைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது. மாமி மேல் இல்லை, கணவர் மேல் இல்லை. செருப்பைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் விட்டெறிந்தேன். உள்ளே போய் மறுபடி படுத்தேன். உடம்பு முழுக்க எழுந்திரு எழுந்திரு என்றது. தூக்கம் வரவில்லை, சுகமாகவும் இல்லை. சாயங்காலம் வரைக்கும் படுத்துக்கொண்டே இருந்தேன்.